இடுப்பில் பிள்ளை இல்லாமல் ஓடியது

திங்கட்கிழமை காலை சாயல்குடியிலிருந்து உப்பு வண்டி வருவதாக இருந்தது. மீன் காயப்போடுகிற இடத்தில் மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது எங்கள் நாயை ஏற்றிக்கொண்டு போய்விடும். அங்கே என் கணவரின் நண்பர் உப்பளம் வைத்திருக்கிறார். காவலுக்கு ஒரு நாய் வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். நாய்களுக்கான தடை தாண்டும் போட்டி அதற்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை, ராமநாதபுரத்தில்.

"அத்தனை கூட்டத்துக்கு நடுவுல அவுத்து விட்டு, நீ சொல்ற பேச்சைக் கேட்டு ஓடி முடிச்சுட்டு வந்துச்சுன்னா பாப்போம். இல்லன்னா திங்கக்கெழம வண்டி ஏறிரும்" என்று என் கணவர் சொல்லியிருந்தார். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் சாப்பாட்டுத் தட்டைப் பார்த்துக்கொண்டு, களைத்த குரலில் சொன்னார். அவரைத் தப்பு சொல்ல எனக்கு வாயில்லை.

மூன்று வாரத்துக்கு முன்பு பாப்பாவின் கன்னத்தில் இரண்டு கீறல் விழுந்திருந்தது. பாப்பாவுக்கு ஒன்றேகால் வயது. நடக்கத் தொடங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. மண்டபம் போகிற சாலையிலிருந்து கடல் பக்கம் இறங்குகிற தெருவில் எங்களுடையது கடைசி வீடு. முற்றத்தைச் சுற்றிக் கருவேல முள்ளை வெட்டிப் போட்டு வேலி அடைத்திருக்கிறோம். தெருமுனைக் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள் காவிரித் தண்ணீர் வரும். அன்று நான் தண்ணீர் பிடித்துக்கொண்டு திரும்பியபோது, உள்ளே பாயில் தூங்கிக்கொண்டிருந்த பிள்ளை வேலி ஓரமாக உட்கார்ந்து வீறிட்டுக்கொண்டிருந்தாள். கன்னத்தில் இரத்தம். நாய் அவள் முகத்தை நக்கிக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கன்னத்தை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பல்லா, நகமா, முள்ளான்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாதும்மா. நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் பிள்ளைக்கும் போட்டுருவோம்" என்றார். அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று, ஏழாம் நாள் ஒன்று. கடைசி ஊசி இன்னும் பாக்கி இருந்தது.

வேலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடிவந்த என் கணவர் கேட்ட முதல் கேள்வி, "நீ எங்க இருந்த?"

"ஒரு கொடம் புடிக்கத்தான் போனேன். அதுக்குள்ள இப்படி ஆயிருச்சு."

ஒரு குடம் இல்லை. அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அன்றைக்குச் சொல்லவில்லை, மறுநாள் சொல்லலாம் என்று நினைத்தேன், மறுநாள் அவர் நாயைப் பின்பக்கம் பூவரச மரத்தில் கட்டிப் போட்டார். அதற்குப் பிறகு சொல்வதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

*

எங்கள் நாய் பாதி சிப்பிப்பாறை, மீதி கடற்கரைத் தெருநாய். எங்களுக்குக் கல்யாணம் ஆன வருஷத்தில் என் கணவர் இறால் குஞ்சுப் பண்ணையிலிருந்து சட்டைக்குள் போட்டுக் கொண்டுவந்த குட்டி. அவர் வேலை பார்ப்பது அங்கேதான். விடியற்காலை ஆறு மணிக்குப் போனால் திரும்ப மாலை ஆகிவிடும். பாப்பா பிறக்கும்வரை வீட்டில் நானும் அவனும் மட்டும்தான். பிறந்த பிறகு அவனைத் தொட்டால் கை கழுவ வேண்டும், உள்ளே வந்தால் விரட்ட வேண்டும் என்று ஆகிவிட்டது. அவன் வாசலில் படுத்துக்கொண்டு என் கால்களையே பார்த்துக்கொண்டிருப்பான். எனக்குக் குற்றவுணர்வாக இருக்கும். பிறகு, பிள்ளையைக் கவனிக்காமல் நாயை நினைத்து வருத்தப்படுகிறேனே என்று அதற்கும் குற்றவுணர்வாக இருக்கும். நான் பி.எட். முடித்தவள். குழந்தை வளர்ப்பு பற்றி ஒரு தாள் முழுக்க எழுதித் தேறியவள். அது எதற்கும் உதவவில்லை.

கால்நடை மருத்துவமனையில் தடுப்பூசிக்குப் போனபோது நாய் வளர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் என்னைச் சேர்த்துவிட்டார்கள். தடை தாண்டும் போட்டி பற்றிய அறிவிப்பு அதில்தான் வந்தது. நாய் கட்டைகளைத் தாண்ட வேண்டும், குழாய்க்குள் புகுந்து வர வேண்டும், வரிசையாக நட்ட கம்பங்களுக்கு நடுவே வளைந்து வளைந்து போக வேண்டும், சீசா பலகையில் ஏறி இறங்க வேண்டும். வளர்ப்பவர் கூடவே ஓடி வழி காட்டலாம். நாயைத் தொடக் கூடாது. ஃபோனில் வீடியோ பார்த்துப் பார்த்து நானே பழக்க ஆரம்பித்தேன். பண்ணையில் கழித்துப் போட்ட நீல டிரம்கள் மூன்றை அடி அறுத்துக் கொண்டுவரச் சொன்னேன்; அதுதான் குழாய். பிவிசி பைப்புகளை மணலில் ஊன்றினால் கம்பங்கள். ஒரு பனங்கட்டையின்மேல் பலகையைக் குறுக்கே வைத்தால் சீசா. பரிசாகக் கொடுக்க இடுப்பு முடிச்சில் நெத்திலிக் கருவாடு.

ஏழு மாதம், விடியற்காலை, ஈர மணலில் பழக்கினேன். என் கணவர் ஒருநாளும் வந்து பார்த்ததில்லை, அந்த நேரத்தில் அவர் பண்ணையில் இருப்பார். கீறல் விழுந்த பிறகும் நான் நிறுத்தவில்லை. "பிள்ளைய எறக்கி விட்டுறாத" என்று மட்டும் சொன்னார். இறக்கிவிடவில்லை. அதற்கு முன்பும் ஒருநாளும் இறக்கிவிட்டதில்லை.

*

சனிக்கிழமை ராத்திரி பையை மூன்று முறை பிரித்துக் கட்டினேன். நாயின் தடுப்பூசி அட்டை, பாப்பாவின் ஊசிச் சீட்டு, தொப்பி, உப்புச் சர்க்கரைக் கரைசல், இரண்டு மாற்றுச் சட்டை, அவன் தண்ணீர் குடிக்கும் கிண்ணம். விதித்தாளை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தேன். நகம் வெட்டியிருக்க வேண்டும், வெட்டியாயிற்று. ஓடும்போது கழுத்துப் பட்டை இருக்கக் கூடாது; சரி. ஓடுபவர் கையில் எதுவும் இருக்கக் கூடாது. கருவாட்டைத்தான் சொல்கிறார்கள் என்று நினைத்து, அந்த வரிக்கு நேராகவும் ஒரு டிக் போட்டேன்.

பண்ணையின் சின்ன லோடு வண்டியை என் கணவர் கேட்டு வாங்கியிருந்தார். அவனைப் பின்னால் கட்டிவிட்டு, பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நான் முன்னால் உட்கார்ந்தேன். கேஸை மூடினேனா என்ற சந்தேகம் பாதி வழியில் வந்தது.

"மூடிட்ட. நான்தான் பாத்தேன்ல" என்றார் அவர், நான் வாய் திறப்பதற்கு முன்பே.

ஊருக்கு வெளியே ஒரு பள்ளி மைதானம். ஓரத்தில் கருவேலங்காடு, நடுவில் கயிறு கட்டிய ஓடுதளம். காற்று புழுதியை அள்ளிப் பந்தலுக்குள் எறிந்துகொண்டிருந்தது. வந்திருந்த நாய்களைப் பார்த்ததும் எங்களவன் முதுகிலிருந்த மணலைத் தட்டிவிட்டேன். ஷாம்பூ போட்டுக் குளிப்பாட்டிய நாய்கள். இரண்டு ராஜபாளையம், ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட், தொண்டியிலிருந்து வந்த ஒரு லாப்ரடார். அதன் சொந்தக்காரர் ஹார்டுவேர்ஸ் கடை வைத்திருப்பவர். வந்த அரைமணி நேரத்தில் எல்லோரிடமும் பேசிவிட்டார்.

"என்ன சாதி தங்கச்சி இது?" என்று எங்களவனைக் காட்டிக் கேட்டார்.

"பாதி சிப்பிப்பாறைண்ணே."

"மீதி?"

"மீதி எங்க ஊருண்ணே."

"அப்ப நல்லா ஓடும். எங்காளு சோத்துச் சட்டியப் பாத்தாத்தான் ஓடுவாரு" என்று தன் லாப்ரடாரின் வயிற்றைத் தட்டினார்.

ஒவ்வொரு நாய்க்கும் இரண்டு சுற்று. நன்றாக ஓடிய சுற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். ஓடுதளத்தை விட்டு வெளியே போனால் அந்தச் சுற்று போச்சு. எங்கள் எண் பதினொன்று. மைக்கில் கூப்பிட்டபோது பாப்பாவை என் கணவரின் கையில் கொடுத்தேன். அவள் அழவில்லை. வெயிலில் தொப்பி நழுவியிருந்தது, அதைச் சரிசெய்யத் திரும்பினேன். "போம்மா, கூப்புடுறாக" என்றார் அவர்.

பட்டையைக் கழற்றினேன். நடுவர் விசில் ஊதினார். வலக்கையை வீசி, "தாண்டு!" என்றேன்.

அவன் நகரவில்லை. என் முகத்தைப் பார்த்தான், பிறகு என் இடுப்பைப் பார்த்தான். மறுபடியும் சொன்னேன். முதல் கட்டை வரைக்கும் வந்து, அதன்மேல் மூக்கை வைத்து முகர்ந்துவிட்டு நின்றான். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். என் குரல் உயர்ந்தது; உயரக் கூடாது என்று வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அவன் காதை மடித்துத் தலையைத் திருப்பி மைதானம் முழுவதும் எதையோ தேடினான். கண்டுபிடித்தான். என்னைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் புகுந்து, பந்தலில் நின்றிருந்த என் கணவரை நோக்கி ஓடினான்.

அந்த ஓட்டத்தை நான் மறக்கவில்லை. ஏழு மாதத்தில் அவன் அவ்வளவு வேகமாக ஓடி நான் பார்த்ததில்லை. என் கணவர் பிள்ளையைத் தலைக்கு மேலே தூக்கிவிட்டார். "யார்ரா அது, நாயைப் பிடிங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். நானும் பின்னாலேயே ஓடினேன். ஒருவேளை கடித்திருந்தால் என்ற நினைப்பு, மூன்று வாரமாக நான் முகத்துக்கு நேரே பார்க்காமல் வைத்திருந்த நினைப்பு, முழுதாக வந்து நின்றது. ஒருவேளை நிஜமாகவே கடித்திருந்தால், நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன்?

நான் போய்ச் சேர்ந்தபோது அவன் என் கணவரின் இடப்பக்கம் உட்கார்ந்து, மேலே நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். நாக்கு தொங்கியது. பாப்பா உயரத்திலிருந்து இரண்டு காலையும் உதைத்து, "தோ, தோ" என்று அவனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா" என்றார் என் கணவர். அவர் உதடு வெளிறியிருந்தது. "சொன்ன பேச்சு கேக்கலைல?"

நான் பட்டையை எடுத்து அவன் கழுத்தில் சுற்றினேன். கொக்கி சிக்கிக்கொண்டது. தொண்டிக்காரர் குனிந்து மாட்டிவிட்டார்.

"வருத்தப்படாத தங்கச்சி. ஒங்காளு தப்பு ஒண்ணும் பண்ணல. டீமுல ஒரு ஆளு கொறையுதுன்னு கூப்புடப் போயிருக்காரு. பிள்ளையவும் சேத்து ஓட விட்டிருக்கணும் நீ" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே நின்றேன். ஏழு மாதம். ஒருநாள்கூட, ஒரே ஒருநாள்கூட, நான் இரண்டு கையையும் வீசி ஓடியதில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வர ஆள் இல்லை. இடது இடுப்பில் வைத்துக்கொண்டுதான் ஓடினேன். வலக்கை மட்டும்தான் சைகை. இடப்பக்கம் திரும்ப வேண்டுமென்றால் இடுப்பைத்தான் திருப்புவேன்; அப்போது பிள்ளையின் கால்கள் ஆடும். அவன் பார்த்துப் பழகியது அந்தக் கால்களை. பிள்ளை இல்லாமல் நிமிர்ந்து நிற்கிற நான், அவன் கண்ணுக்கு இன்னும் ஓட ஆரம்பிக்காதவள். ஒவ்வொரு வரிக்கும் டிக் போட்டவளுக்கு இது தோன்றவில்லை.

*

இரண்டாம் சுற்றுக்கு ஒரு மணி நேரம் இருந்தது. பிள்ளைக்கு ஊட்டினேன், அவனுக்குத் தண்ணீர் வைத்தேன். கிளம்பிவிடலாமா என்று என் கணவர் கேட்டார். "இன்னொரு வாட்டி ஓடிட்டுப் போவோங்க" என்றேன். அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடியும் பந்தலுக்குள் போய் உட்கார்ந்தார்.

மறுபடியும் எண் பதினொன்று. பட்டையைக் கழற்றினேன். பிறகு இடது கையை மடக்கி, விரல்களைப் பக்கவாட்டில் குவித்து, இடுப்பை ஒருபுறம் தள்ளிச் சாய்ந்து நின்றேன். உள்ளே ஒன்றும் இல்லை. வெறும் காற்று. நடுவராக வந்திருந்த பெண்மணி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"இடுப்புல எதுவும் பிடிச்சிருக்கா? முடியுமா உங்களால?"

"ஒண்ணும் இல்ல மேடம். இப்படித்தான் ஓடுவேன்."

விசில். "தாண்டு!"

அவன் என் மடங்கிய கையைப் பார்த்தான். ஒரு கணம் பந்தல் பக்கம் தலை திரும்பியது. இடுப்பை இன்னும் கொஞ்சம் சாய்த்தேன். பிறகு தாண்டினான்.

ஒரு சுமையும் இல்லாமல் சுமப்பது போல ஓடுவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பிள்ளையின் கனம் இருந்தால் இடுப்பு தானாகத் திரும்பும். இல்லாதபோது அதை நினைத்து நினைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. என் துப்பட்டா ஒரு பக்கம் பறந்தது. கூட்டத்தில், "குடத்தைக் கீழ போட்றாதக்கா!" என்று ஒரு குரல் வந்தது, பெரிய சிரிப்பு எழுந்தது. குடம் என்ற சொல் என் மேல் கல் போல விழுந்தது. ஆனாலும் நிற்கவில்லை. குழாய்க்குள் புகுந்து வெளியே வந்தான். கம்பங்களில் இரண்டைத் தவறவிட்டான். சீசா பலகை அவன் கனத்தில் சாய்ந்தபோது பயந்து பாதியில் குதித்துவிட்டான். கடைசிக் கட்டையைப் பின்னங்காலால் தட்டி விழச்செய்தான். ஆனால் கயிற்றைத் தாண்டி வெளியே போகவில்லை. முடிவுக் கோட்டில் என் இடப்பக்கம் வந்து உட்கார்ந்தான். நேரம் எப்போதோ முடிந்திருந்தது. முடிவுப் பட்டியலில் எங்களுக்குக் கீழே ஒரே ஒரு பெயர்தான் இருந்தது, அது லாப்ரடாருடையது.

"சரி, சொன்ன பேச்சு கேக்குது" என்றார் என் கணவர், வண்டியில் ஏறும்போது. "ஒன் நொண்டியாட்டத்தையும் பாத்தேன். எல்லாரும் வீடியோ எடுத்தாங்க." அவர் முகத்தில் சிரிப்பு இருந்தது. மூன்று வாரத்தில் முதல் முறை. "சாயல்குடிக்காரன்ட்ட வேற நாய் பாக்கச் சொல்லிர்றேன்."

ஜெயித்துவிட்டேன். அப்போதே கண்ணை மூடிக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம். பாப்பா என் மடியில் தூங்கிவிட்டாள். கன்னத்தில் கீறல் இரண்டும் வெளுத்துக் கோடாகியிருந்தன. அதைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவன் நான் பக்கத்தில் நின்று சொன்னதைக் கேட்டான். அன்றைக்கு நான் பக்கத்தில் இல்லை. அன்றைக்கு அவன் எதைக் கேட்டிருக்க முடியும்? இன்று இத்தனை பேருக்கு நடுவே நான் நிரூபித்தது, நடந்ததற்குச் சம்பந்தமே இல்லாத ஒன்று.

உச்சிப்புளிக்கு முன்னால் ரயில்வே கேட் அடைத்திருந்தது. அவர் வண்டியை அணைத்தார்.

"என்னங்க. அன்னைக்கு நான் ஒரு கொடம்னு சொன்னேன்ல."

"ம்."

"ஒரு கொடம் இல்ல."

அவர் திரும்பவில்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை?"

"ஆறு."

அந்தக் குழாயை அவருக்குத் தெரியும். நூல் மாதிரி வரும் தண்ணீர். ஒரு குடம் நிறைவதற்குள் ஒரு சண்டை முடிந்துவிடும். வரிசையை விட்டு நகர்ந்தால் அடுத்தவர் குடத்தை வைத்துவிடுவார். பிறகு இரண்டு நாளைக்குத் தண்ணீர் இல்லை. அதனால் ஆறும் நிறையும்வரை அங்கேயே நின்றேன். தூங்குகிற பிள்ளை தூங்கும் என்று நினைத்தேன். வாசலில் நாய் இருக்கிறது என்றும் நினைத்தேன்; அவனை நம்பித்தான் போனேன். பிறகு பழி அவன்மேலேயே விழ விட்டுவிட்டேன். இதையெல்லாம் சொல்ல நினைத்தேன். ஆறு என்பதோடு நிறுத்திக்கொண்டேன்.

ராமேஸ்வரம் ரயில் போயிற்று. கேட் திறந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

"ஆறு கொடம்" என்றார். "கதவைச் சாத்திட்டுப் போகலையா?"

"இல்ல."

மறுபடியும் ஹாரன். "ஏய், வண்டிய எடுப்பா!" அவர் சாவியைத் திருகினார். வீடு வரும்வரை நாயை அனுப்பும் பேச்சை மறுபடியும் எடுப்பார் என்று காத்திருந்தேன். என்னை ஏதாவது சொல்லுவார் என்று அதைவிட அதிகமாகக் காத்திருந்தேன். வாசலில் நிறுத்தி, பின்பக்கத் தட்டியை இறக்கி, கயிற்றை அவிழ்த்தார். அவன் குதித்து இறங்கி வழக்கம்போல் பூவரச மரத்துப் பக்கம் நடந்தான், கட்டிவிடுவார்கள் என்று.

"அங்கன எங்க போற? வா இங்கிட்டு" என்று அவனை வாசலுக்குக் கூப்பிட்டார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: "நாயை அனுப்பிட்டா அடுத்த வாட்டி யாரு மேல பழியப் போடுவ?"

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. திங்கட்கிழமை வந்த உப்பு வண்டி வெறுமனே திரும்பியது. புதன்கிழமை பண்ணையிலிருந்து பிவிசி பைப்புகளும் பழைய வலையும் கொண்டுவந்து, வாசலுக்கு இடுப்பளவு உயரத்தில் ஒரு தடுப்புக் கதவு செய்து மாட்டினார். கொக்கி வெளிப்பக்கம், பிள்ளைக்கு எட்டாத உயரம். வேலியிலிருந்த முள்ளை எல்லாம் எடுத்து எரித்துவிட்டு, அங்கேயும் வலையைக் கட்டினார். கடைசி ஊசி போட்டாயிற்று. அந்தக் கீறல் பல்லா, முள்ளா என்பது எங்களுக்கு இன்றுவரை தெரியாது. நாயையும் பிள்ளையையும் இப்போது தனியே விடுவதில்லை, ஒரு நிமிடம்கூட.

தண்ணீர் வருகிற நாளில் பாப்பாவை இடது இடுப்பில் தூக்கிக்கொண்டு, வலக்கையில் ஒரு குடத்தோடு போகிறேன். நிறைந்ததும் வரிசையை விட்டுவிட்டு வீட்டுக்கு வருகிறேன். மறுபடியும் கடைசியில் போய் நிற்கிறேன். இரண்டு குடத்துக்கு மேல் கிடைப்பதில்லை. குழாயடியில் நிற்பவர்கள் கேலி செய்கிறார்கள். நாயும் எங்களோடு வருகிறான்; நான் திரும்பும்போதெல்லாம் அவன் கூடவே திரும்புகிறான், பிள்ளையின் கால்களைப் பார்த்துக்கொண்டே.